காதர் பாஷாவின் அளவு நோட்டுக்கு நான் வைத்த முத்திரை

போன வாரம் கலைவாணி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு செஞ்சியில் என் நாற்காலிக்கு வந்த நூலகர் அவள்.

"மேடம், சர்க்குலர் வந்துடுச்சு. மாநிலத்தோட வரலாறு, கலை, பண்பாடு, ஒரு வாரம் கொண்டாடணுமாம். தெனமும் நாலு போட்டோ ஏத்தணும். நீங்க ஒரு வாட்டி ஊர்க்காரங்ககிட்ட பொருள் வாங்கி கண்காட்சி வெச்சீங்களாமே, அப்படியே வெக்கட்டுமா?"

"தாராளமா வை. ஆனா அந்த ஒரு வாரமும் முத்திரையை பீரோவுல வெச்சுப் பூட்டிடு. சாவியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு" என்றேன்.

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று போனில் விளக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷ வேலையில் நான் செய்த பெரிய தப்பு அது. யாரோ எவரோ சொல்லிக் கோணலாகத் தெரிந்துகொள்வதைவிட, நானே நேராகச் சொல்லிவிடலாம்.

என் சொந்த ஊர் தொண்டூர். நைனாவுக்குக் கூலி வேலை. எங்கள் பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எங்கள் தெருவில் அரசு வேலைக்குப் போன முதல் பெண் நான். நூலகப் படிப்பு, தற்காலிக வேலை, மூன்று ஊர் மாற்றல் எல்லாம் மற்றவர்களுக்கு நடந்த மாதிரிதான் எனக்கும் நடந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அரசு முத்திரை குத்திய காகிதம் இல்லாததால் எங்கள் ஆட்கள் எத்தனை முறை தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். முத்திரை விழுந்த பொருளை யாரும் பிடுங்க முடியாது என்பது என் ரத்தத்தில் ஊறிய எண்ணம். அந்த முத்திரையையே என் கையில் கொடுத்து, "இனி நீங்கதான் வெக்கணும்" என்று சொன்ன நாளில் வீட்டுக்கு வந்து அழுதேன்.

நூலகத்தில் முத்திரைக்கு ஒரு முறை உண்டு. புதுப் புத்தகம் வந்தால் மூன்று இடத்தில் வைக்க வேண்டும். தலைப்புப் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் ஒரு ரகசியப் பக்கம். முன் தாளையும் பின் தாளையும் கிழித்துவிட்டுப் புத்தகத்தைச் சொந்தமாக்கிக்கொள்கிற புண்ணியவான்கள் நடுவில் தேட மாட்டார்கள். எந்தப் பக்கம் என்பதற்கு ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு எண் இருக்கும். எங்கள் எண்ணை இப்போதும் சொல்ல மாட்டேன். முத்திரை வைத்தால் எண் போட வேண்டும். எண் போட்டால் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஆசிரியர் பெயர், நூலின் பெயர், எப்படி வந்தது என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். ஏற்றிவிட்டால் அது அரசாங்கச் சொத்து. உள்ளே வருவதற்குப் பத்து நிமிஷம், வெளியே போவதற்குப் பத்து வருஷம் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம்.

அந்தப் பதிவேட்டைச் சரிபார்க்க வருபவர் தணிகாசலம் சார். எங்கள் ஆய்வு அலுவலர். ஒல்லியான உடம்பு, மிக மெல்லிய குரல். கோபம் வந்தால் இன்னும் மெல்லியதாகிவிடும். எதைப் படித்தாலும் வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். மளிகைக்கடை ரசீதையும் அப்படித்தான் படிப்பாராம், அவர் வீட்டம்மா சொன்னது. அவரிடம் வேலை பார்க்க இரண்டு வார்த்தைகளின் அர்த்தம் தெரிந்தால் போதும். "பார்த்துடலாம்" என்றால் நடக்காது. "கஷ்டம்" என்றால் நடந்துவிடும். இது தெரியாமல் "பார்த்துடலாம்னு சொல்லிட்டாரு" என்று ஆறு மாசம் காத்திருந்தவர்கள் உண்டு.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது, இப்போது கலைவாணிக்கு வந்த மாதிரியே ஒரு சர்க்குலர் வந்தது. வழக்கமாக என்ன செய்வோம்? கோயில் கோபுரப் படம், தலைவர்கள் படம், கட்டுரைப் போட்டி, ஒரு மைக், ஒரு தலைமையாசிரியர். எனக்கு அலுத்துவிட்டது. மலைமேல் கோட்டையை வைத்துக்கொண்டு, வேறெங்கோ அச்சடித்த படத்தை ஏன் ஒட்ட வேண்டும்? 'நம் வீட்டில் இருக்கும் வரலாறு, ஒரு பொருள் கொண்டு வாருங்கள், ஒரு வாரத்தில் திருப்பித் தரப்படும்' என்று வாசலில் எழுதி வைத்தேன்.

வந்ததில் பாதி பித்தளைச் செம்பு. ஒருவர் சீயமங்கலம் குடைவரைத் தூணில் ஆடுகிற சிவனைப் பென்சிலில் வரைந்து கொண்டுவந்தார். மூன்றாவது நாள் மெகருன்னிசா வந்தார்.

அவர் கடை திண்டிவனம் ரோட்டில் இருந்தது. புருஷன் காதர் பாஷா தையற்காரர், இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடையை மெகருன்னிசாதான் நடத்தினார். பேன்ட் சட்டை, ஜாக்கெட் எல்லாம் தைப்பார்கள். ஆனால் அந்தக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கூத்து உடுப்பு. பங்குனி பிறந்தால் கோயிலுக்குக் கோயில் கூத்துதான். சுற்றுவட்டாரத்தில் ஜமா என்று சொல்லும் கூத்துக் குழுக்கள் எல்லாம் அங்கேதான் தைக்கக் கொடுக்கும்.

பையிலிருந்து ஒரு தடித்த நீள நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுல வரலாறு கிரலாறு இருக்குதான்னு பாருங்க மேடம். இல்லன்னா எடுத்துனு போயிடறேன்."

நான் பிரித்தேன். முழுக்க அளவுகள். தோள், மார்பு, கை, இடுப்பு. கூத்தாடிகளின் பெயர், ஊர், வேஷம். ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் குண்டூசியில் குத்திய துணித் துண்டு, நுனியில் ஜரிகை. நடுநடுவே காதர் பாஷாவின் குறிப்புகள். "ராஜா வேஷம். தோள்ல மரக்கட்டை கட்டுவான், ரெண்டு விரல் கூட விடு." "பெண் வேஷம். விடிய விடிய ஆடுவான், கக்கத்துல ரெட்டைத் தையல்." "கட்டியக்காரன். போன வருஷத்தைவிட தொப்பை மூணு இஞ்ச் ஏறிடுச்சு, சொன்னா கோச்சுக்குவான், சொல்லாம தை."

நின்றபடியே பத்துப் பக்கம் படித்துச் சிரித்தேன். நூலகத்தில் இருந்த எந்தக் கலை வரலாற்றுப் புத்தகத்திலும் இவ்வளவு மனிதர்கள் இல்லை.

"அக்கா, இதை நடு மேஜையில வெக்கிறேன்" என்றேன்.

"சனிக்கிழமை வேணும் மேடம். ஜமாக்காரங்க அளவு குடுக்க வராங்க."

"சனிக்கிழமை உங்க கையில இருக்கும்."

மறுநாள் நானூறு பள்ளிப் பிள்ளைகள் வருவதாக இருந்தது. நோட்டு திறந்து கிடக்கும். பிள்ளைகள் ஜரிகையைப் பார்த்தால் விடுவார்களா? முன்பு வேறு ஊரில் ஒருமுறை கண்காட்சிக்கு வாங்கிய கல்யாணப் போட்டோ ஒன்று காணாமல் போய், அந்த வீட்டுக்காரர்கள் முகத்தில் நான் விழிக்க முடியாமல் போனது. அந்தப் பயம் வந்துவிட்டது. ஒரு பொருளைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, முதல் பக்கத்தில் வைத்தேன். கை தானாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனது. பிறகு ரகசியப் பக்கம். மூன்று முத்திரை வைத்த பொருளுக்கு எண் இல்லாமல் இருக்கலாமா? போட்டேன். பதிவேட்டில் ஆசிரியர் என்ற கட்டத்தில் 'காதர் பாஷா, தையற்காரர்' என்று எழுதினேன். நூலின் பெயர் 'அளவு நோட்டு'. எழுதி முடித்து, அழகாக இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டும் இருந்தேன். கண்காட்சி முடிந்ததும் பதிவை அடித்துவிடலாம் என்பதுதான் என் நினைப்பு. இரவல் வாங்கிய பொருளில் முத்திரை குத்துகிற கூத்தை நூலகரைத் தவிர வேறு எவளும் செய்திருக்க மாட்டாள்.

மறுநாளே தணிகாசலம் சார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தார். நோட்டின் முன்னால் நின்றார். ஸ்கேலை எடுத்தார். முக்கால் மணி நேரம் ஸ்கேல் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு பதிவேட்டைக் கேட்டார். கடைசி வரிக்கு ஸ்கேலை வைத்து, மெல்ல, "அன்பளிப்புதானே?" என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். "உங்க சர்வீஸ்ல இதான் நல்ல சேர்க்கை வசந்தா" என்று அதற்குள் சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது ஆடியில் மாம்பூ பூக்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். அதோடு கணக்குத் தீர்ந்தது. ஆய்வு அலுவலர் கையெழுத்துக்கு மேலே இருக்கும் வரியை நான் தொட முடியாது.

சனிக்கிழமை மெகருன்னிசா வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் முதல் பக்க முத்திரையைப் பார்த்தார். தாள்களைப் புரட்டினார். ரகசியப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது என் பக்கம்" என்றார்.

கல்யாணமான வருஷம் அவருக்குத் தைத்த முதல் ஜாக்கெட்டின் அளவு அது. 'மெகருன்னிசா' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடு. என் வட்ட முத்திரை அந்தப் பேரின் பாதியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"முப்பத்தாறு வருசம் குடித்தனம் பண்ணேன். ஒரு நாளும் வாயால பேர் சொன்னதில்ல. 'இந்தாம்மே'ன்னுதான் கூப்புடுவாரு. இதுல மட்டும்தான் எழுதிக்கீறாரு." குரல் ஏறியது. "நம்பிக் குடுத்த பொருள் மேல கவுருமெண்டு முத்திரையா? இன்னா மேடம் இது, நல்லா இருக்குதா?"

நல்லா இல்லை என்று சொன்னேன். அழுதுவிட்டேன். படிக்க வந்திருந்தவர்கள் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்கள். அவர் நோட்டை மூடிவிட்டு, "சரி, அளவு எடுக்கணும், இப்ப இன்னா வழி?" என்றார்.

அரசாங்கப் புத்தகம் நூலகத்தைவிட்டு வெளியே போக ஒரே ஒரு நேர்வழிதான் உண்டு. உறுப்பினராகி இரவல் எடுப்பது. ஆதார் கார்டைக் கேட்டேன். உறுப்பினர் அட்டை எழுதினேன். தேதிச் சீட்டு ஒட்டி, பதினாலு நாள் தள்ளித் தேதி குத்தினேன்.

"என் வூட்டு நோட்டை எனக்கே இரவல் குடுக்கறீங்க" என்றார். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. ஆனாலும் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினாலு நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்தார். ஒரு நாளும் தாமதமில்லை. எங்கள் உறுப்பினர்களில் அப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. மேஜையில் வைப்பார், நான் தேதி குத்துவேன், எடுத்துக்கொண்டு போவார். மூன்றாவது தடவை, "சும்மா வரதுக்கு ஒரு கதை புஸ்தகமும் குடுங்க" என்றார். அன்றிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிடுவதை விட்டுத் தங்கச்சி என்றார். இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு கள்ள நினைப்பு வந்தது. அப்புறம் வருகிறவள் தலைவலி.

அந்த நினைப்பில் மண் விழுந்தது. சார் போன் செய்தார். "அந்த நோட்டு அரிய ஆவணம். சென்னையில தலைமை நூலகத்துக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. நிரந்தரமா அங்கதான் இருக்கும். பத்து நாளுக்குள்ள கட்டி அனுப்புங்க."

முதலில் எனக்குத் தோன்றியது கோழை வழிதான். மெகருன்னிசா கடைக்குப் போய், முழு நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றேன். நாலு பக்கம் எடுத்தும் காட்டினேன். துணித் துண்டு இருந்த இடமெல்லாம் கறுப்புத் திட்டு. பென்சில் எழுத்து பாதி விழவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு நோட்டின் பின்பக்கங்களைத் திருப்பினார். அந்தப் பங்குனிக்கு எடுத்த அளவுகள் அவர் கையெழுத்தில் இருந்தன. அதற்கப்புறம் வெள்ளைத் தாள்கள்.

"தங்கச்சி, செத்துப்போனவரு நோட்டுன்னு நெனச்சு கண்ணாடிப் பெட்டில வெக்கப் பாக்கறாங்க. இது இன்னும் முடியல. பக்கம் பாக்கி இருக்குது."

சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதித்தார். நான் வீட்டுக்கு வந்து விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் சார் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். கடிதத்தைக் கொடுத்தேன். பாதி படித்ததும் ஸ்கேலை நிறுத்தினார். "உங்களுக்கு எப்ப ரிட்டயர்மென்ட்?"

"நாலு மாசம் சார்."

"விசாரணை நிலுவையில இருந்தா பென்ஷன் தள்ளிப்போகும். தெரியும் இல்ல?"

"தெரியும் சார்."

"இந்தக் கடிதம் வரலைன்னு வெச்சுக்கறேன். எடுத்துட்டுப் போங்க. அந்தம்மாவுக்கு ஏதாவது... பார்த்துடலாம்."

அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவள் எழுந்து போயிருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று இப்போதும் தெரியாது. "சார், மிச்சத்தையும் படிச்சுடுங்க" என்றேன்.

ஸ்கேல் மறுபடி இறங்கியது. 'ஆய்வு அலுவலர் அன்பளிப்பா என்று கேட்டபோது உண்மையைச் சொல்லாமல் தலையசைத்தேன். தவறு முழுவதும் என்னுடையது' என்ற வரியில் வந்து நின்றது. அங்கேயே வெகுநேரம் இருந்தது. மேஜைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் பேசினார்.

"முழுவதும்னு எழுதக் கூடாது. அன்பளிப்புன்னா குடுத்தவங்க கடிதம் இருக்கணும். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துட்டுத்தான் நான் கையெழுத்துப் போடணும். நோட்டைப் படிச்ச சந்தோஷத்துல கேட்கலை." ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்தார். "நானும் ஒண்ணு எழுதணும் போல. கஷ்டம் வசந்தா. ரொம்பக் கஷ்டம்."

எனக்கு உயிர் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செஞ்சி வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். நல்லா இருக்குதுப்பா என்றேன்.

ஆணை வர மூன்று மாதம் ஆனது. அதுவரை மெகருன்னிசா பதினாலு நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருந்தார். பதிவை ரத்து செய்யலாம், உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று எழுதியிருந்தது. இரண்டாவது பத்தியில் எனக்கு ஒரு கண்டனம். பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும். அதுவரை அந்தப் பதிவேட்டில் ஒரு சிவப்பு எழுத்து கிடையாது. நல்லவேளை, பென்ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் சிவப்பு மையில் காதர் பாஷா பெயர்மேல் கோடு இழுத்தபோது மனசு ஆறவில்லை. கோணாமல், எழுத்து படிக்க வரும்படி மெல்லிசாக இழுத்தேன். நோட்டில் மூன்று இடத்திலும் ரத்து என்று எழுதச் சொல்லியிருந்தது. ரகசியப் பக்கத்தில் மட்டும், மெகருன்னிசா பேர்மேல் படாமல், ஓரத்தில் எறும்பு மாதிரி எழுதினேன். மெகருன்னிசா வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். "அது இருக்கட்டும், பாதிக் கதை படிச்சுக்கீறேன்" என்றார்.

என் பணி நிறைவு விழா நூலகத்திலேயே நடந்தது. இருபது நாற்காலி, ஒரு சால்வை, காராபூந்தி. தணிகாசலம் சார் தலைமை. யாரோ அச்சடித்துக் கொடுத்திருந்த பாராட்டுரையை ஸ்கேல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். 'முப்பத்தோரு ஆண்டுகள் அப்பழுக்கற்ற' என்ற இடத்தில் நின்றுவிட்டார். இல்லாததைப் படிக்க அவர் வாய்க்கு வராது என்பது எனக்குத் தெரியும். கூட்டம் நிமிர்ந்து பார்த்தது.

"ஒரு கண்டனம் இருக்குது" என்றார், அந்த மெல்லிய குரலில். "எனக்கும் ஒண்ணு இருக்குது. ரெண்டும் ஒரே நோட்டுக்குத்தான். என் சர்வீஸ்ல நான் வாங்கின நல்ல பேரெல்லாம் எனக்கு மறந்துடும். இது மறக்காது. மறக்கவும் வேணாம்."

யாருக்கும் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசி வரிசையிலிருந்து மெகருன்னிசாவின் குரல் வந்தது.

"அந்த நோட்டு இன்னும் ஓடினுக்கீது சார். நேத்துகூட நாலு பேர் அளவு ஏறிச்சு. உங்க அளவு மட்டும்தான் இல்ல."

கூட்டம் சிரித்தது. மெகருன்னிசா சிரிக்கவில்லை. நிஜமாகவே பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு, கழுத்தில் நாடாவோடு முன்னால் வந்தார். "சட்டை ஒண்ணு தெச்சுத் தரேன். கையத் தூக்குங்க சார்."

எங்களையெல்லாம் இத்தனை வருஷம் ஸ்கேலால் நடுங்க வைத்த மனிதர், 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே, சட்டைப்பையிலிருந்த பச்சைப் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். மெகருன்னிசா நோட்டை என் கையில் கொடுத்தார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, சால்வையும் மாலையுமாக நான் பென்சிலில் எழுதினேன். தோள் பதினேழு. மார்பு முப்பத்தஞ்சு. கை இருபத்து மூணரை. எழுதி முடித்ததும் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"எழுத்து நல்லாக்கீது தங்கச்சி" என்றார். "முத்திரை மட்டும் வெச்சுடாத."